குறுக்காட்டமும் நெட்டாங்காட்டமும்

அச்சிமுகம்மது சேர் தன் வாழ்நாளில் எடுத்த சபதங்கள் பல. சீனியைக் குறைப்பது. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நடப்பது. கல்யாணச் சஹன் தட்டில் இரண்டாம் தரம் இறைச்சிக்குக் கை நீட்டாமல் இருப்பது. ஒன்றும் ஒரு கிழமைக்கு மேல் நின்றதில்லை. ஒரேயொரு சபதம் மட்டும் இருபது வருசமாக அசையாமல் நின்றது. மனைவி நபீலாவின் காதில் ‘அலை’ என்ற சொல் விழக்கூடாது என்பதுதான் அது.

பௌதிகம் படிப்பிக்கிற மனிசன் இப்படி ஒரு சபதம் எடுப்பது, சோத்துக்கடைக்காரன் உப்பைத் தொடமாட்டேன் என்று நிற்கிற மாதிரி. ஆனாலும் எடுத்தார். காரணம் இருந்தது.

கல்முனைக்குடியில் அவர்கள் இருக்கும் வீடு நபீலாவின் வீடு. எங்கட பக்கம் அப்படித்தான். பொம்பிளைக்கு வீடு, மாப்பிள்ளைக்கு அந்த வீட்டுச் சுவரில் சேட்டுக் கொழுவ ஓர் ஆணி. சேர் சம்மாந்துறையிலிருந்து ஒரு தகரப் பெட்டியும் ஒரு பௌதிகப் புத்தகமும் கொண்டு வந்து சேர்ந்தவர். அவருடைய முதலாவது இடப்பெயர்ச்சி அது. இரண்டாவதைக் கடல் செய்தது. கடற்கரை ஒழுங்கையில் நபீலாவின் உம்மா கொடுத்த வீடு கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை அத்திவாரத்தோடு போனது. இப்போது இருக்கும் வீடு பிறகு நபீலாவின் பேரிலேயே கட்டியது. நபீலாவின் ஒரே தம்பி றிஷாட்டும் போனான். தையல்கடையில் மிச்ச வேலை இருக்கிறதென்று காலையில் கிளம்பிப் போன பிள்ளை. சேருக்கு அவன் மச்சான் மட்டுமில்லை, பின்னேரத்துக் கரம்போட்டு விளையாட்டுக் கூட்டாளியும் அவன்தான்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய அன்று, வந்திருந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி, “அந்த அலை வந்த நேரம் நான் கூரையில...” என்று கதையைத் தொடங்கினாள். நபீலா எழும்பினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சேர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவம், இவள் தாங்கமாட்டாள் என்று அவருடைய நெஞ்சு சொன்னது. அந்த இடத்திலேயே சபதம் பிறந்தது.

சபதம் எடுப்பது லேசு. காப்பாற்றுவதுதான் சீவன் போகிற வேலை. ரேடியோக்காரன் மூச்சுக்கு மூச்சு ‘பண்பலை’ என்றான். ரேடியோ பழுதென்று சொல்லி அதைக் கொண்டுபோய்ப் பள்ளிவாசல் காவலாளிக்குக் கொடுத்தார். நபீலா சும்மா கடைத்தெருவில் சுற்றினால் ‘ஏன் அலையிறாய்’ என்று கேட்க வாயெடுத்து, ‘ஏன் திரியிறாய்’ என்று மாற்றிக்கொள்வார். ஒலிபெருக்கியில் மௌலவி நூஹ் நபியின் சரித்திரத்தைத் தொடங்கினால் போதும், சேர் ஓடிப்போய்த் தண்ணி மோட்டரைப் போடுவார். கப்பல் கரை சேரும் வரைக்கும் மோட்டர் இரையும். தாங்கி நிரம்பி வழிந்து வளவெல்லாம் வெள்ளம் ஓடும்.

தெருவுக்கும் போனார். வீடு வீடாக, ஆம்பிளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, நபீலாவுக்கு முன்னால் அந்தச் சொல் வேண்டாம், அவளுக்கு மனசு சரியில்லை என்று மெதுவாகச் சொல்லி வைத்தார். எல்லாரும் கெதியாகத் தலையாட்டினார்கள். முனைக்கடை மீராமுகைதீன் சேரின் தோளைத் தட்டி, தெரியும் சேர், தெரியும் சேர் என்று இரண்டு தரம் சொன்னார். அதற்குப் பிறகு தெருவில் எந்தக் கூட்டத்தருகே சேர் போனாலும் கடல் கதை சட்டென்று நின்று, நெல் விலைக் கதை தொடங்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். தான் மூடிக் காட்டியதாக அச்சிமுகம்மது சேருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

எல்லாம் சரிதான். பாடத்தை என்ன செய்வது?

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நபீலாவின் வளவிலேயே ஒரு தகரக் கொட்டில் போட்டு ஓ.எல். சோதினைப் பிள்ளைகளுக்கு ரியூசன் நடத்தினார். மனிசன் கெட்டிக்காரன், அதில் பொய்யில்லை. சடத்துவத்தை அக்கரைப்பற்று பஸ்ஸின் மிதிபலகையில் நிறுத்தி விளக்குவார். டிரைவர் பிரேக் அடித்ததும் பிள்ளைகள் இருந்த வாங்கிலேயே முன்னால் சாய்வார்கள். தென்னையில் தொங்குகிற தேங்காய்க்கு அழுத்த சக்தி, விழுகிற தேங்காய்க்கு இயக்க சக்தி, அடியில் நிற்கிறவனுக்குத் தலைவலி என்பார். வலு, உந்தம், ஆர்முடுகல் எல்லாம் அவருடைய வாயில் வெல்லக்கட்டிதான்.

சமையலறை ஜன்னல் கொட்டிலைப் பார்த்தபடி இருந்தது. அதனால் நபீலாவும் பாதி மாணவிதான். ஒருநாள் ‘வேலை’ என்ற பாடம். விசை மட்டும் போதாது, அந்த விசையின் திசையில் இடப்பெயர்ச்சியும் வேண்டும், பொருளைச் சும்மா தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது வேலையே இல்லை என்று சேர் முழங்கினார். ஜன்னலில் நபீலாவின் முகம் தெரிந்தது.

“அப்ப, சோத்துச் சட்டியத் தூக்கிப் புடிச்சிட்டு நிக்கிற நான்?”

“பௌதிகத்தின்படி பூச்சியம், நபீலா.”

“சரி.”

அன்று பகல் சேருக்கு முன்னால் வெறும் பீங்கான் இருந்தது. சோறு எங்கே என்று கேட்டார். சோறு அடுப்பில்தான் இருக்கிறது, இன்னும் இடம்பெயரவில்லை என்று பதில் வந்தது. அவராகவே எழும்பிப்போய்ப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தில் சட்டி உதாரணம் வரவில்லை.

இப்படிக் காது கூர்மையான மனிசிக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு அலைப் பாடத்தை எப்படி எடுப்பது? சேர் ஒரு வழி கண்டுபிடித்தார். சொல்லையே மாற்றினார். அலை என்ற இடத்திலெல்லாம் ‘ஆட்டம்’ என்றார். குறுக்கலை குறுக்காட்டமானது. நெட்டாங்கலை நெட்டாங்காட்டமானது. அலைநீளம் ஆட்டநீளம். ஒலி ஓர் ஆட்டம், ஒளி ஓர் ஆட்டம், ரேடியோவில் வருவது மின்காந்த ஆட்டம். பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார்கள். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டு விடுமாம். சேருடைய கொட்டிலில் அது இருண்டுதான் கிடந்தது.

ஜன்னலுக்குப் பயந்து மட்டும் அவர் சொல்லை மாற்றவில்லை. அந்தப் பாடத்தில் ஒரு வசனம் இருக்கிறது. அலை சக்தியைக் கொண்டுசெல்லும், பொருளைக் கொண்டுசெல்லாது. புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். எங்கட கரையில் நின்று அந்த வசனத்தை யார் வாயால் சொல்லுவது? வீட்டைக் கொண்டுபோனது. தோணியைக் கொண்டுபோனது. றிஷாட்டைக் கொண்டுபோனது. நபீலா கேட்டால் என்ன நினைப்பாள் என்று அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சேருடைய கண் ஜன்னலுக்குப் போகும். ஆட்டம் என்று சொல்லி, வசனத்தையும் தாண்டி, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

இந்த வருசம் மாட்டிக்கொண்டார். தவணைச் சோதினையில் அலைகளின் வகை எவை என்று கேட்டிருந்தார்கள். மீராமுகைதீனின் மகள் பஸ்லியா, வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை, ‘குறுக்காட்டம், நெட்டாங்காட்டம்’ என்று முத்துமுத்தாக எழுதி வைத்தாள். கொட்டிலில் படித்த அத்தனை பிள்ளைகளும் அப்படியே எழுதியிருந்தார்கள். திருத்திய டீச்சர் சிவப்புப் பேனையால் வெட்டி, ‘என்ன ஆட்டம் இது?’ என்று பக்கத்தில் கேட்டிருந்தாராம்.

மீராமுகைதீன் வந்து கொட்டில் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“சேர், குறை நினைக்கப்படா. சோதினை கிட்டடியில. அந்தப் பாடத்த அதுட பேரச் சொல்லிப் படிப்பிச்சிக் குடுங்க. இல்லாட்டி வாற கிழமையில இருந்து புள்ளைகள் எல்லாரும் டவுன் வகுப்புக்குப் போறதெண்டு தாய்மார் முடிவு பண்ணியிரிக்காங்க.”

சொல்லிவிட்டு, சேருடைய முகத்தைப் பாராமலே போய்விட்டார்.

அன்று பின்னேரம் சேர் வெறும் வாங்குகளுக்கு நடுவில் தனியாக இருந்தார். பிள்ளைகள் போனால் கொட்டில் போகும். கொட்டில் போனால், காலையில் எழும்பிக் குளித்துச் சேட்டுப் போடுவதற்கு அவருக்கு வேறு ஒரு காரணமும் இல்லை. பாடத்தை எடுத்தால் நபீலா உடைவாள். ஜன்னலைச் சாத்தினால் என்ன? பிரயோசனமில்லை. சின்ன இடுக்கு இருந்தாலும் ஒலி வளைந்து போகும், அவரே படிப்பித்தது. ஒலியை நிறுத்த முடியாது. கேட்கிற ஆளைத்தான் அப்புறப்படுத்த வேண்டும்.

வியாழக்கிழமை தேத்தண்ணி குடித்துக்கொண்டே, சம்மாந்துறையில் இருக்கிற தன் தங்கச்சிக்குக் கடும் முழங்கால் வருத்தம், மதினியைக் காணவேண்டும் என்று அழுகிறாள் என்று சேர் அவிழ்த்துவிட்டார்.

“எந்த முழங்கால்?” என்றாள் நபீலா.

“ரெண்டும்.”

“காலையில மொட்டைமாடியில நிண்டு உடுப்புக் காயப்போட்டுக்கிட்டுத்தானே என்னோட ஃபோன்ல கதைச்சா.”

“மாடி ஏறினதாலதான் வருத்தம்.”

“ஓம், இரிக்கும். மேல ஏறினா அழுத்த சக்தி கூடும்தானே.” நபீலா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “எப்ப போகணும்?”

“நாளைக்கு. பின்னேரம் அஸருக்கு முதல் போனா நல்லம். இருட்டி, மஃரிபுக்குப் பிறகு ஆறுதலா வா.”

“சரி. உங்களுக்கு நல்லமெண்டாப் போறன்.”

நழுவுகிற மீன் தானாக வந்து சட்டியில் விழுந்துவிட்டதென்று சேர் சந்தோசப்பட்டார். வகுப்பு தொடங்குகிற நேரத்தையும் முடிகிற நேரத்தையும் தன் வாயாலேயே கொடுத்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நபீலா அபாயாவைப் போட்டுக்கொண்டு, மதினிக்கென்று ஒரு பெட்டி மஸ்கெட் இனிப்பும் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். ஓட்டோ முனை திரும்பும் வரைக்கும் சேர் கை காட்டினார். பிறகு கொட்டிலுக்கு வந்து, கரும்பலகையைத் துடைத்து, பிள்ளைகளைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

“இண்டைக்கு ஒரு முக்கியமான பாடம்.”

வெண்கட்டியை எடுத்து ‘அ’ என்று எழுதினார். கை நின்றது. இன்னொரு தரம் செருமினார். “அ...” என்றார். பிள்ளைகள் காத்திருந்தார்கள். “அ... அலுமினியத்தின் தன்வெப்பம் போன கிழமை பாத்தம்தானே,” என்றார். இல்லை சேர் என்று ஒரு பிள்ளை மெல்லச் சொன்னது.

ஜன்னலில் யாருமில்லை. வீட்டில் யாருமில்லை. பயப்பட ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் சொல் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு தரமும் றிஷாட்டின் முகம் வந்தது. கரம்போட்டில் சிவப்புக் காயைப் போட்டுவிட்டு மச்சானைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பான், அந்த முகம். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“சேர்,” என்றாள் பஸ்லியா. “நீங்க சொல்லாட்டியும் பரவால்ல. எங்களுக்கு விளங்கும்.”

அவருக்கு அதைக் கேட்டதும் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. வெண்கட்டியைக் கீழே வைத்தார். டவுன் வகுப்புக்கே போங்கள் மக்காள், நான் குறை நினைக்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

அப்போது வளவுப் பக்கமிருந்து நபீலா வந்தாள். அபாயாவோடுதான் வந்தாள். உடுப்புக் காயப்போடுகிற கொடிக்கயிறு அவளுடைய கையில் இருந்தது. ஓட்டோ முனைக்கடை வரைக்கும்தான் போயிருக்கிறது. கயிற்றின் ஒரு நுனியைப் பஸ்லியாவிடம் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். மறு நுனியைத் தான் பிடித்தாள். நடுவில் உடுப்புக் கவ்வுகிற சிவப்புக் கிளிப் ஒன்று கொழுவிக் கிடந்தது.

நபீலா கையை ஒருதரம் மேலே உதறினாள். மாட்டுத் திமில் போல ஒன்று கிளம்பிக் கயிற்றோடு ஓடி, பஸ்லியாவின் கையில் போய் இடித்தது. கிளிப் மேலே போய்க் கீழே வந்து, இருந்த இடத்திலேயே நின்றது.

“சேர்,” என்றாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. “ஓடிச்சே, இதுக்குப் பேர் என்ன?”

“நபீலா, உள்ள போ.”

“புள்ளைகள் சோதினை எழுதணும். பேர் என்ன?”

இன்னொரு தரம் உதறினாள். சேர் கயிற்றைப் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தார். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தப்போகிறாள் என்று பயந்தபடியே வாயைத் திறந்தார். முதல் தரம் காற்றுத்தான் வந்தது.

“அலை,” என்றார்.

நபீலா போகவில்லை. அங்கேயே நின்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. சேருக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது, பிள்ளைகளுக்கு முன்னாலேயே அழுதார். துடைத்துக்கொண்டு, கரும்பலகையில் அந்தச் சொல்லை முழுசாக எழுதினார். அதற்குக் கீழே அந்த வசனத்தையும் எழுதினார். அலை சக்தியைக் கொண்டுசெல்லும், பொருளைக் கொண்டுசெல்லாது. திமில் ஓடியது, கிளிப் ஓடவில்லை, பாருங்கள் என்றார்.

இருபது வருசம் அவர் பயந்த கேள்வியைப் பஸ்லியா கேட்டாள். “அப்ப சேர், அண்டைக்கு மட்டும் எப்புடி எல்லாத்தையும் கொண்டு போச்சி?”

சேருக்குப் பதில் தெரியும். எப்போதும் தெரியும். கேட்க விட்டதில்லை, அவ்வளவுதான். ஆழக்கடலில் அது மெய்யாகவே அலைதான் என்று தொடங்கினார். நீளம் மிக அதிகம், உயரம் மிகக் கொஞ்சம். தோணி மெல்ல எழும்பி மெல்லத் தணியும், இருக்கிறவனுக்கே தெரியாது. கரைக்குக் கிட்ட வரவரத் தண்ணி ஆழமில்லை. முன்னுக்கு வருவதன் வேகம் குறையும், பின்னுக்கு வருவது வந்து சேரும், எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குவியும். கொண்டுவந்த சக்தி முழுக்க அந்த உயரத்தில் நிற்கும். கரையில் ஏறிய பிறகு அது ஆறு மாதிரி ஓடுகிற தண்ணி. ஓடுகிற தண்ணி கொண்டுபோகும்.

“என்ட வாப்பா அண்டைக்கு ஆழக்கடலிலதான் நிண்டவர்,” என்றாள் நபீலா பிள்ளைகளிடம். “ஒண்டும் தெரியாது அவருக்கு. பகலைக்குத் தோணி நிறைய மீனோட வந்தார். கரையில வாங்க ஆளில்ல.”

பிறகு சேர் குறுக்கலைக்குப் படம் போட்டார். மேலே முடியில் ஒரு புள்ளி, கீழே தாழியில் ஒரு புள்ளி, முடிக்கும் முடிக்கும் இடையில் அலைநீளம். பிள்ளைகள் பழைய கொப்பியில் இருந்த ஆட்டத்தையெல்லாம் வெட்டி, மேலே அலை என்று எழுதினார்கள். மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முதல் வகுப்பு முடிந்தது. வாற கிழமையும் வருவோம் என்று பஸ்லியா போகும்போது சொன்னாள்.

நபீலா மஸ்கெட் பெட்டியைத் திறந்து, தேத்தண்ணியும் கொண்டுவந்து வாங்கில் வைத்தாள். சேர் ஒரு துண்டை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். சம்மாந்துறைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டார். தங்கச்சியின் முழங்கால் இரண்டும் நல்ல சுகம் என்று பதில் வந்தது. டவுன் வகுப்பு பற்றி மீராமுகைதீன் காக்காவைச் சொல்லச் சொன்னதும் தான்தான் என்றாள். அந்த மனிசன் பொய் சொல்லத் தெரியாதவன், அதனால்தான் வாசலிலேயே நின்றுவிட்டு ஓடியிருக்கிறான்.

சேருக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. கேட்கவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

“அப்ப, நாப்பதாம் கத்தத்துக்கு அந்தச் சொல்லக் கேட்டதும் எழும்பிப் போய்க் கதவச் சாத்தினியே, நபீலா?”

“உங்கட முகத்தப் பாத்தன். அதுக்குப் பிறகு அங்க இரிக்க ஏலல்ல எனக்கு.”

சேர் கையில் இருந்த மஸ்கெட் துண்டைப் பெட்டியிலேயே திருப்பி வைத்தார். பிறகு, ரேடியோவைக் கொடுத்ததும், மோட்டரைப் போட்டதும், தெருவையே வாய் பொத்த வைத்ததும் எல்லாம் அவளுக்காகத்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“நீ தாங்கமாட்டாய் எண்டு நினைச்சன், நபீலா.”

“ஓம்,” என்றாள் நபீலா, அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணியை ஊற்றியபடி. “உங்களப் பத்தி நானும் அதத்தான் இந்தத் தெரு முழுக்கச் சொல்லி வெச்சிரிக்கன்.”